லென்ஸின் மங்கல்: சிகிச்சைக்கு முன் நோயறிதல் வேண்டும்

பெங்களூர் மாநகரம் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. அதன் இதமான தட்பவெப்பம் மனிதருக்கு உகந்திருத்தல் போலவே நுண்கருவிகளுக்கும் உகந்தது என்னும் எண்ணம் பலரிடம் உண்டு. இவ்வெண்ணம் முற்றிலும் சரியன்று. தென்மேற்குப் பருவமழை தொடங்கியது முதல் ஐப்பசி ஈறாக வெயில் காணாத நாட்கள் பல. அந்நாட்களில் தோலுறையிலிட்டு அலமாரியில் பூட்டிய காமிராவைச் சுற்றிலும் ஈரக்காற்று தேங்கி நிற்கும். ஆண்டுகள் சில கழித்து எடுத்துப் பார்க்கும்பொழுது லென்ஸ் மங்கியிருக்கும். மலைநாட்டுக் காடுகளிலும் கடற்கரை மாவட்டங்களிலும் இத்தொல்லை இன்னும் மிகுதி.

இந்நிலையில் நாம் செய்வது யாது? "லென்ஸில் பூஞ்சாணம் பிடித்துவிட்டது" என்று ஒரே சொல்லில் எழுதி முடித்துவிடுகிறோம். மொழிபெயர்ப்புப் பணியில் கருவிகளைப் பற்றிய குறிப்புகள் பலவற்றைத் தமிழாக்க நேர்ந்தபொழுது, காரணமும் விளைவும் வேறுவேறான பழுதுகள் அனைத்தும் இவ்வொரு சொல்லிலேயே அடங்கிவிடுவதைக் கண்டேன். இது மொழிக்குறை மாத்திரமன்று. பெயர் தவறினால் சிகிச்சையும் தவறும். துடைத்தால் நீங்கக்கூடிய மூட்டம் உள்ள கருவி கழிவுப் பட்டியலில் சேர்கிறது. உண்மையிலேயே பூஞ்சாணம் படர்ந்த கருவியோ மற்றவற்றுடன் ஒரே அலமாரியில் வீற்றிருக்கிறது. ஆகவே, எந்த லென்ஸையும் பழுதின் வகை இன்னதென்று நிச்சயிக்கும் முன்னர்ப் பிரிக்கவும் கூடாது, கழிக்கவும் கூடாது என்பது என் கருத்து.

நோயறியும் முறை கடினமானதன்று. 1928-இல் கல்கத்தாவில் இராமன் தம் பெயர் பெற்ற விளைவைக் கண்டறிந்தபொழுது, திரவத்தினுள் செல்லும் ஒளிக்கற்றையைப் பக்கவாட்டிலிருந்து நோக்கியே சிதறிய ஒளியை ஆராய்ந்தார். 1933-இல் அவர் பெங்களூருக்கு வந்தார். 1948-இல் தம் ஆராய்ச்சி நிலையத்தையும் இங்கேயே நிறுவினார். லென்ஸ் சோதனைக்கு வேண்டுவதும் அப்பக்கப் பார்வையே. அறையை இருட்டாக்குக. லென்ஸின் துவாரத்தை முழுதும் திறந்து, பின்புறத்திலிருந்து டார்ச் விளக்கைச் சாய்வாகப் பிடித்து, கரிய துணியைப் பின்னணியாக வைத்து முன்புறமிருந்து பார்க்க. தெளிந்த கண்ணாடி இருண்டே தோன்றும். பழுதுள்ள பரப்பு சிதறிய ஒளியால் மிளிரும். லென்ஸைச் சிறிது திருப்பினால், எப்புள்ளி எக்கண்ணாடியுடன் நகர்கின்றது என்பதைக் கொண்டு பழுது முன்னதிலா பின்னதிலா என்று உணரலாம். சூரியனை மாத்திரம் லென்ஸின் வழியே ஒருபொழுதும் நோக்கலாகாது.

இனி, காணும் குறிகளை வகைப்படுத்துவோம். ஊதிய மூச்சுப் படிந்தாற்போல் ஒரே சீரான மங்கல் தோன்றினால் அது மூட்டம். குவியத் திருகிலும் துவாரத் தகடுகளிலும் இட்ட மசகெண்ணெய் நாளடைவில் ஆவியாகி, அருகிலுள்ள கண்ணாடிகளில் படிவதே இதன் பொதுவான காரணம். தொடக்கத்தில் திறமையான கைவினைஞர் எளிதில் துடைத்துவிடலாம். நெடுநாள் விட்டுவிட்டால் சில கண்ணாடிகளின் பரப்பே அரிக்கப்பட்டு, பின்னர் எதனாலும் நீங்காது. வேர்போலவும் சிலந்தி வலைபோலவும் பெரும்பாலும் விளிம்பிலிருந்து கிளைவிட்டுப் படரும் இழைகள் காணப்படின் அதுவே பூஞ்சாணம். இது சுரக்கும் அமிலம் மேற்பூச்சையும் கண்ணாடியையும் அரிக்கும். பூஞ்சாணத்தைக் கொன்றாலும் தழும்பு எஞ்சலாம்.

மூன்றாவது, ஒட்டுப் பிரிதல். பழைய லென்ஸ்களில் இரு கண்ணாடிகளை இணைக்கக் கானடா பால்சம் என்னும் மரப்பிசினைப் பயன்படுத்தினர். அது காய்ந்து பிரியும்பொழுது, நீரில் மிதக்கும் எண்ணெய் போன்ற வானவில் நிறங்களோ விளிம்பில் குமிழிகளோ தோன்றும். இதனை எத்துணை துடைத்தும் பயனில்லை. பழுது இரு கண்ணாடிகளுக்கும் இடையில் உள்ளது. நான்காவது, கீறல். இது பெரும்பாலும் இயற்கை செய்ததன்று, நாம் செய்தது. 1930-களில் வெளிவந்த லைட்ஸ் சும்மார் போன்ற லென்ஸ்களின் முன்கண்ணாடி மென்மையானது. துடைக்கத் துடைக்க மயிரிழை போன்ற கோடுகள் பெருகும். ஐந்தாவது, மஞ்சள் நிறம். தோரியம் கலந்த கண்ணாடி காலப்போக்கில் பழுப்பேறும். வெள்ளைத் தாளின்மேல் வைத்தால் நிறம் புலப்படும். ஆனால் டார்ச் ஒளியில் மிளிராது. புற ஊதா ஒளிபட்டால் இந்நிறம் பெரிதும் குறையும்.

எல்லா மாற்றமும் கேடு என்று கருதுவதும் தவறே. 1890-களில் இங்கிலாந்தில் டென்னிஸ் டெய்லர் என்னும் லென்ஸ் அறிஞர், நிறம் மாறிய பழைய கண்ணாடி புதியதைக் காட்டிலும் மிகுந்த ஒளியைச் செலுத்துவதைக் கவனித்தார். மெல்லிய படலம் பரப்பில் ஒளி பிரதிபலிப்பதைக் குறைத்ததே காரணம். 1935-இல் ஜெர்மனியில் ஸ்மகுலா உருவாக்கிய மேற்பூச்சு அத்தத்துவத்தின் வழிவந்ததே. குறை என்று தேய்த்துக் களைய முற்பட்டிருந்தால் இவ்வுண்மை புலப்பட்டிராது.

வலிய டார்ச் ஒளியில் நல்ல லென்ஸும் தூசு நிறைந்ததாகத் தோன்றும். சில துகள்களும் ஓரிரு குமிழிகளும் படத்தைக் கெடுப்பதில்லை. ஆதலின் இறுதித் தீர்ப்பைப் படமே அளிக்க வேண்டும். ஒளிமிக்க சன்னலின் முன் கரிய பொருள் ஒன்றை வைத்துப் படமெடுத்து, தெளிந்த லென்ஸ் ஒன்றின் படத்துடன் ஒப்பிடுக. கருமை சாம்பல் நிறமாக வெளிறினால் பழுது மெய்யே.

"கைப்பேசியே படமெடுக்கும் இக்காலத்தில் பழைய லென்ஸுக்காக இவ்வளவு முயற்சி எதற்கு?" என்று சிலர் வினவலாம். பழுது நீக்கும் கூலி சில வேளைகளில் லென்ஸின் விலையையே விஞ்சும் என்பதும் மெய். நோயறிதலை முன்வைப்பதற்கு அதுவே தக்க காரணம். வீண்செலவு எது, தக்க செலவு எது என்பது அப்பொழுதுதான் தெரியும். மேலும், காமிராவுக்குரிய இவ்விதியே பள்ளியின் நுண்ணோக்கிக்கும், களப்பணியாளரின் இருகண்ணோக்கிக்கும், நில அளவைக் கருவிக்கும் உரியது. கோடைக்கானலில் 1904 முதல் எடுக்கப்பட்டு வந்த சூரியப் படங்களைப் பெங்களூரிலுள்ள இந்திய வானியற்பியல் நிறுவனம் இலக்க வடிவில் பதிந்துள்ளது. அத்தகைய நெடுந்தொடரை ஆராய்வோர்க்கு, படத்தில் காணும் மங்கல் பொருளினுடையதா கண்ணாடியினுடையதா என்று பிரித்தறிதல் இன்றியமையாதது.

ஒவ்வோர் அலுவலகமும் பள்ளியும் கருவிப் பதிவேட்டில் மூட்டம், பூஞ்சாணம், ஒட்டுப் பிரிவு, கீறல், நிறமாற்றம் என ஐந்து பத்திகள் வகுத்து, மழைக்கு முன்னும் பின்னும் ஆண்டுக்கு இருமுறை நிரப்புதல் நலம். தோலுறை ஈரத்தை ஈர்த்துப் பூஞ்சாணத்தை வளர்ப்பதால், நெடுநாள் சேமிப்பில் அதனை நீக்குக. மூடிய பெட்டியில் சிலிகா ஜெல்லும் ஈரமானியும் வைத்து, ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டில் நிறுத்துக. பூஞ்சாணம் கண்ட கருவியைத் தனியே வைக்க. உட்கண்ணாடியைத் திருகாணி கொண்டு பிரிக்கும் ஆவலை அடக்குக.

ஆசிரியர்கட்கு ஒரு வேண்டுகோள். பழுதடைந்த லென்ஸ் ஒன்றை வகுப்பில் மாணவர் கையில் கொடுத்து, டார்ச் விளக்கால் சோதிக்கச் செய்யுங்கள். ஒளிச்சிதறலும், பிரதிபலிப்பும், படல நிறங்களும் அவ்வொரு பொருளிலேயே கண்கூடாக விளங்கும். விடையைக் கூறிவிடாமல், பழுதின் பெயரை அவர்களே காரணத்துடன் எழுதட்டும்.