மூடி முத்திரையிட்ட நீர்

கம்ப்யூட்டரின் பிராசஸர் கக்கும் உஷ்ணத்தைத் தணிப்பதற்காக, சிறு பம்ப் ஒன்றும் ரப்பர்க் குழாய்கள் இரண்டும் விசிறிகள் பூட்டிய ரேடியேட்டர் ஒன்றும் கொண்டு, தொழிற்சாலையிலேயே திரவம் நிரப்பி நிரந்தரமாக அடைத்து அனுப்பப்படும் லிக்விட் கூலர், இப்போது உத்திரமேரூர் போன்ற சிற்றூர்களில் கல்யாண வீடியோ தொகுக்கும் நிலையங்களுக்கும் வந்துவிட்டது. 'பராமரிப்பே தேவையில்லை' என்ற வாக்குறுதியோடு விற்கப்படும் அந்தச் சாதனம், சில கோடைகள் கழிந்தபின் களகளவென்றும் ரீங்காரமாகவும் சப்தமிடத் தொடங்குகையில், அதைத் திறந்து பார்க்க உடையவருக்கு வழியில்லை என்பதே என் ஆட்சேபம்.

அச்சப்தங்கள் காரணமின்றி எழுவன அல்ல. எவ்வளவு இறுக்கி அடைத்தாலும் ரப்பரின் ஊடே நீர் ஆவியாய் அணு அணுவாகக் கசிய, அந்த இடத்தைக் காற்று பிடித்துக்கொள்கிறது. புதிதாகப் பொருத்திய கூலர் சிறிது நேரம் களகளத்து அடங்குமானால் அது குமிழிகள் ஒதுங்குவதேயாகும். பழைய கூலர் நாள்தோறும் அவ்வாறே செய்யுமானால் திரவம் குறைந்திருக்கலாம், அல்லது ரேடியேட்டரின் மேல்விளிம்பு பம்பைவிடத் தாழ்ந்திருப்பதால் காற்று பம்பிலேயே தங்கியிருக்கலாம். விசிறியின் வேகத்தைக் குறைத்தபோதும் மாறாத கூரிய ரீங்காரம் பம்பிலிருந்தே வருகிறது. அதனுடன் பிராசஸரின் வெப்பமும் ஏறுமாயின் பம்ப் தளர்ந்தது அல்லது உள்ளே கசடு அடைத்தது என்று கொள்ளலாம்.

நீரைத் தேக்குவது வேறு, பேணுவது வேறு என்பது உத்திரமேரூருக்குப் புதிய பாடமன்று. முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் இங்கே பொறிக்கப்பட்ட சாசனங்கள், குடவோலையிட்டு வருஷந்தோறும் ஏரி வாரியத்துக்கு அறுவரைத் தேர்ந்தெடுத்த ஏற்பாட்டைச் சொல்கின்றன. ஏரி வெட்டியதோடு கடமை தீர்ந்ததென்று அந்தச் சபை எண்ணவில்லை.

கூலரில் திறப்பு வைத்தால் ஒழுகும், வாங்கியவர் உப்பேறிய போர்த் தண்ணீரை ஊற்றிக் கெடுப்பார் என்று உற்பத்தியாளர்கள் கூறும் சமாதானத்தில் ஓரளவு நியாயம் உண்டு. ஆயினும், ஜெர்மனியின் பீ கொயட் நிறுவனம் தன் ப்யூர் லூப் கூலரில் நிரப்புத் துளையொன்றை அமைத்து, உரிய திரவத்தையும் உடன் தந்திருக்கிறது. ஆர்க்டிக் நிறுவனமோ, தன் கூலர்கள் சிலவற்றின் கேஸ்கட்டால் பிராசஸர்மேல் பொருந்தும் செம்புத் தகடு அரிக்கப்படுவதை அறிந்தபோது, 2022-இல் வாங்கியவரே மாற்றிக்கொள்ளும் உபகரணங்களை இலவசமாக அளித்தது. ஆகவே குறுக்கே நிற்பது அசாத்தியம் அன்று, மனமின்மையே.

மத்திய அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய 'பழுதுநீக்கும் உரிமை' இணையதளம் கைப்பேசி, வாகனம், வீட்டுச் சாதனங்கள், விவசாயக் கருவிகள் ஆகியவற்றைத் தன் துறைகளாகக் கொண்டது. அவற்றோடு கம்ப்யூட்டர் உதிரிகளையும் தெளிவாகச் சேர்த்து, நிரப்புத் துளை, மாற்றத்தக்க பம்ப், தமிழில் எழுதிய பராமரிப்புக் குறிப்பு ஆகிய மூன்றையும் கட்டாயமாக்குவது உசிதம். அதுவரையில், சர்வீஸ் சென்டருக்குச் சென்னை வரை போகவேண்டிய நம்மவர்கள், விசிறியை மட்டும் உள்ளூரிலேயே மாற்றிக்கொள்ளத்தக்க, பிராசஸரைக் காற்றாலேயே தணிக்கும் ஏர் கூலரை வாங்குவதே விவேகம்.