நாயின் சைவம்

கந்தசட்டி வந்தால், விரதங் காக்கும் வீடுகளில் மீன்சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிடுவர். முற்றத்து நாய்க்கும் அன்று தொட்டு விரதந்தான். மாங்கேணி போன்ற கடலோர ஊரில் அதுபற்றி வருந்த வேண்டுவதில்லை. கரைக்கு ஓடி, வலைக்காரர் எறிந்ததைத் தின்று அது தன் வழியைப் பார்த்துக்கொள்ளும். ஆண்டு முழுதும் புலால் மறுத்த வீட்டிலே கட்டி வளர்க்கப்படும் நாயைப் பற்றியே யான் பேசுகிறேன். பழஞ்சோறும் குழம்பு வழித்த நீருமே அதன் உணவென்றால், அதனைச் சைவ உணவு என்பது சைவத்துக்கு இழுக்கு.

நாய்க்குச் சைவமே ஆகாது என்பாரும் உளர். அஃது எனக்கு உடன்பாடன்று. சுவீடன் நாட்டு உப்சாலாப் பல்கலைக்கழக ஆய்வாளர் 2013இல் நாயையும் ஓநாயையும் ஒப்பிட்டனர். மாப்பொருளைச் செரிப்பிக்கும் நொதியத்துக்குரிய பரம்பரையலகு ஓநாயில் 2 பிரதிகளாகவும், நாயில் 4 முதல் 30 வரையாகவும் இருக்கக் கண்டனர். மனிதனின் அடுப்படியிற் பன்னெடுங்காலம் கிடந்ததன் பேறு அது. (பூனையை இவ்வழக்கிற்கு இழுத்தல் தகாது, அது ஊனுண்ணவே பிறந்தது.)

ஆயினும், சோறு செரிக்கும் என்பதனாற் சோறே போதும் என்றாகிவிடாது. முதல் உலகப் போர் முடிந்த காலத்தில், இலண்டனில் எட்வேட் மெலன்பி என்னும் மருத்துவர் நாய்க்குட்டிகளை வீட்டினுள் அடைத்துத் தானியக் கஞ்சியே பெரிதாக ஊட்டி வளர்த்தார். அவற்றின் எலும்பு மென்மையுற்றுக் கால்கள் வளைந்தன; மீனெண்ணெய் கொடுக்க நோய் நீங்கிற்று. அமெரிக்காவிலோ சோள உணவே உண்ட நாய்களுக்கு நாக்குக் கறுத்தது. விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்து எல்விஜெம் 1937இல் நிக்கொட்டினிக் அமிலத்தால் அதனைத் தீர்க்க, மனிதரின் பெலாக்கிரா நோய்க்கும் மருந்து பிறந்தது. நம் பிள்ளைகள் நிமிர்ந்து நடக்கக் கற்ற பாடத்தை அக்குட்டிகளின் காலிலிருந்தே கற்றோம். அதை நாய்க்கு மட்டும் மறந்துவிடுவதோ?

நம்மூர் வெயில் போதாதா எனலாம். போதாது. மனிதத் தோலைப்போல நாயின் தோல் வெயிலைக் கொண்டு விற்றமின் ‘டி’யை வேண்டுமளவு ஆக்கிக்கொள்வதில்லை.

பயறும் கடலையும் சோயாவும் நன்கு வேகவைத்து மசித்துச் சோற்றோடு கலந்தாற் புரதம் கிடைக்கும். மட்டக்களப்பு எருமைத் தயிர் கல்சியமும், தாவரத்தில் இல்லாத விற்றமின் ‘பி12’உம் தரும். எஞ்சிய சத்துக்களை மிருக வைத்தியரைக் கேட்டே அளவறிந்து சேர்த்தல் வேண்டும். வெங்காயக் குழம்பு கூடவே கூடாது. அது நாயின் செங்குருதிக் கலங்களை அழிக்கும். வளரும் குட்டிக்கும் சினைப்பட்ட நாய்க்கும் இந்தச் சோதனையே வேண்டாம் என்பேன்.

வள்ளுவர் புலான்மறுத்தலைத் துறவறவியலில் வைத்தார். உணர்ந்து விடுபவனுக்கு உரிய அறம் அது. நாய் எதையும் உணர்ந்து விடவில்லை; நாமே அதன் தட்டை மாற்றினோம். ஆகவே அதன் தட்டில் என்ன குறைகிறது என்று கணக்குப் பார்க்கும் பொறுப்பும் நம்முடையதே. அச்செலவும் கவனமும் இயலாத வீட்டார், அயல்வீட்டார் இடும் மீன்தலையை நாய் தின்னும்போது விரட்டாதிருக்கலாம்.