ஊரைப் படமாக வரைந்து வையுங்கள்

மார்த்தாண்டத்தில் வயதான பெரியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். ஊரைத் 'தொடுவெட்டி' என்றுதான் சொல்வார். சந்தை எப்படி இருந்தது, எந்தக் கடைக்கு ஓட்டுக்கூரை என்று கையை நீட்டிக் காட்டுவார். அங்கே இன்று மேம்பாலத்தின் தூண் நிற்கும்!

பாலம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நெரிசலில் சிக்கிப் பஸ்சில் வெந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால், பழைய கடைத்தெருவைப் பேரனுக்குக் காட்ட ஒரு படம் வேண்டாமா?

மதுரைக்கு அப்படிப் படங்கள் உண்டு. வரைந்தவர் மனோகர் தேவதாஸ். 1936-ல் மதுரையில் பிறந்தவர். சென்னையில் பேட்டரித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஓய்வு நேரத்தில் பேனாவை எடுத்தார். மீனாட்சியம்மன் கோயில் கோபுரங்கள், திருமலை நாயக்கர் மகால், யானைமலை, வைகை, சிறு வயதில் பார்த்த தெருக்கள் எல்லாவற்றையும் கறுப்பு மையில் வரைந்தார். சென்னையின் பழைய கட்டிடங்களையும் விடவில்லை.

இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? அவருடைய கண் பார்வை ஆண்டுக்கு ஆண்டு குறுகிக்கொண்டே வந்தது. விழித்திரை நோய். குழாய் வழியே பார்ப்பதுபோல ஒரு சிறு வட்டம்தான் தெரியும். 1972-ல் கார் விபத்தில் மனைவி மஹிமாவுக்குக் கழுத்துக்குக் கீழே உடல் செயலற்றுப் போனது. 2008-ல் அந்த அம்மையார் மறையும்வரை உடனிருந்து கவனித்தார். இத்தனைக்கும் நடுவே, சக்தி வாய்ந்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கோடு கோடாக வரைந்தார். 2020-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. 2022-ல் காலமானார்.

கண் நன்றாகத் தெரியும் நாம் என்ன செய்கிறோம்? கைபேசியில் படம் எடுக்கிறோம்; மறுநாள் மறந்துவிடுகிறோம். வரைகிறவன் அப்படி மறக்க முடியாது. ஜன்னலுக்கு எத்தனை கம்பி என்று எண்ணியாக வேண்டும். கூரை எவ்வளவு சரிகிறது என்று பார்த்தாக வேண்டும். போஸ்டரையும் மின்கம்பியையும் விட்டுவிட்டு, வீட்டை மட்டும் வரையவும் அவனால் முடியும்.

தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. அதைக் காக்கக் கேரள அரசு இருக்கிறது. படம் எடுக்கப் பயணிகள் வருகிறார்கள். மரத்தூண் வைத்த சாதாரண ஓட்டு வீட்டுக்கு யார் இருக்கிறார்கள்? கான்கிரீட் வீடு கட்டுவதற்காக அது ஒரே நாளில் இடிபடுகிறது. கட்டுகிறவரைக் குறை சொல்ல முடியாது. ஒழுகும் கூரையின் கீழ் இருந்தவருக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். இடிப்பதற்கு முன் ஒரு படம் இருக்கட்டும் என்றுதான் கேட்கிறோம்.

பள்ளிக்கூட ஓவிய ஆசிரியர்கள் இதற்கு மனம் வைக்கலாம். பூச்சாடியும் ஆப்பிளும் வரைந்தது போதும். ஒரு சனிக்கிழமை பிள்ளைகளைத் தெருவுக்கு அழைத்துப் போங்கள். ஆளுக்கு ஒரு வீடு கொடுங்கள். படத்தின் அடியில் தெருவின் பெயரையும் தேதியையும் எழுதச் சொல்லுங்கள். கூடவே தாத்தா ஒருவரையும் அழைத்துக்கொள்ளுங்கள். "இந்த இடத்தில் ஒரு திண்ணை இருந்தது" என்று அவர் சொன்னால், அதையும் சேர்த்து வரையட்டும்.