பழைய வண்டிக்குப் புதிய பொறி



கோல சிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டப்புறங்களில் பழைய ஹொண்டா சி70 ‘கப்சாய்’ வண்டிக்குத் தனி மதிப்பு உண்டு. அப்பா ஓட்டிய வண்டி என்று போற்றிக் காப்போர் ஒரு சாரார். அதே வண்டியில் வேலைக்குச் செல்வோரும் பிள்ளையைப் பள்ளியில் விடுவோரும் மற்றொரு சாரார். இவ்விரு சாராருக்கும் இடையே தீராத வழக்கு ஒன்று உண்டு. பிளாட்டினத்தை நீக்கிவிட்டு, சி.டி.ஐ. எனப்படும் மின்னணுப் பற்றவைப்புக்கு மாற்றலாமா, கூடாதா? மாற்றலாம் என்பதே என் கருத்து. ஆனால், ஒரு நிபந்தனை உண்டு.

பழைய முறையில், சுழலும் காந்தச் சக்கரம் சுருளில் மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. உரிய கணத்தில் பிளாட்டினத்தின் இரு முனைகளும் பிரிகின்றன. மின்னோட்டம் அறுபடும்போது காயிலில் உயர் மின்னழுத்தம் பிறந்து, பிளக்கில் பொறி தெறிக்கிறது. முனைகளின் இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர்தான். முனைகள் கருகக் கருக, உரசும் பகுதி தேயத் தேய, அந்த இடைவெளி மாறிவிடும். பொறி காலம் தப்பிப் பிறக்கும். மழைக்காலத்து ஈரமும் செம்மண் பாதையின் தூசும் சேர்ந்துகொண்டால் சொல்லவே வேண்டாம்.

சி.டி.ஐ. முறையில் உரசும் முனையே இல்லை. மின்தேக்கி ஒன்று மின்னேற்றத்தைச் சேர்த்து வைத்து, சிறு சுருள் தரும் குறிப்பறிந்து ஒரே வீச்சில் காயிலுக்கு அனுப்புகிறது. 1969இல் வெளிவந்த கவாசாக்கி எச்1 வண்டியிலேயே இம்முறை இருந்தது. பிற்காலச் சி70 வண்டிகளில் ஹொண்டாவும் இதையே பொருத்தியது. ஆகவே, இதனை மரபுக் கேடு என்பது பொருந்தாது.

மாற்றம் நம் வட்டாரத்திற்குப் புதியதும் அன்று. பெஸ்தாரி ஜெயாவின் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைப் பயிரீடு தொடங்கியது. பால்மரக் கத்தி பிடித்த கைகள் பின்னர் செம்பனைக் குலை வெட்டவும் கற்றுக்கொண்டன.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் வேறொன்று. பிளாட்டினம் மக்கர் செய்தால் வழியிலேயே மணல்தாளால் தேய்த்து வீடு வந்து சேரலாம், சி.டி.ஐ. பெட்டி கெட்டால் மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. இது உண்மைதான். ஆயினும், நாள்தோறும் பிள்ளையை ஏற்றிச் செல்லும் வண்டி பாலத்தின் நடுவிலோ லாரிகள் விரையும் சாலையிலோ நின்றுவிடக் கூடாது என்பதே முதற்கவலையாக இருக்க வேண்டும். உதிரிப் பெட்டி ஒன்றை இருக்கையின் அடியில் வைத்துக்கொள்ளலாம். 6 வோல்ட் வண்டியை 12 வோல்ட்டுக்கு மாற்றுவோர் விளக்கு, ஹாரன், பேட்டரி ஆகியவற்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். இல்லையேல் விளக்குகள் எரிந்துபோகும். எஞ்சினை அறுக்கவோ துளைக்கவோ வேண்டாம். பழைய பாகங்களைத் துடைத்துப் பெட்டியில் வைத்தால், வேண்டும்போது மீண்டும் பூட்டலாம்.

இனி, அந்த நிபந்தனை. கழற்றும் நாளில் பிள்ளையை அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். முனைகள் திறந்து மூடுவதை அவன் காணட்டும்; அவள் தன் கையால் இடைவெளியை அளக்கட்டும். பிளாட்டினம் என்று பெயர் கொண்ட அம்முனைகள் பெரும்பாலும் டங்ஸ்டன் உலோகத்தால் ஆனவை என்பதையும் சொல்லுங்கள். மின்சுற்றைப் பாடநூல் படத்தில் மட்டும் காட்டும் நாம், பழைய பிளாட்டினம் ஒன்றை வகுப்பறைக்கும் கொண்டுவரலாம். சி.டி.ஐ. பெட்டி தன் வேலையை உள்ளே மறைத்துவிடும். பிளாட்டினமோ தன் வேலையைக் கண்முன்னே செய்து காட்டும்.

தோட்டத்துத் தந்தையர் பலர் ஏட்டில் படிக்காமலே கைப்பழக்கத்தால் அறிந்த அறிவியல் இது. வண்டியோடு அதுவும் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டால், அந்த இழப்பை எந்தப் பட்டறையிலும் சரிசெய்ய இயலாது. வண்டியை மாற்றுவோம், அறிவைக் கைமாற்றுவோம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?