கடைசியில் அடித்துக்கொள்ளலாம்

“பொருளடக்கம்தானே சார், கடைசியில அடிச்சுக்கலாம்.”

திருவல்லிக்கேணிச் சந்துகளிலும் ராயப்பேட்டை மாடியறைகளிலும் இந்த வாக்கியத்தை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. ஆபரேட்டர் சொல்வார், பதிப்பாளர் சொல்வார், நூலாசிரியரும் சொல்வார். ஒரு புத்தக வேலையில் இந்த மூன்று பேரும் ஒத்துப்போகிற விஷயம் அபூர்வம். அதனாலேயே இதை யாரும் கேள்வி கேட்பதில்லை. சொல்பவர்களில் பலர் என்னைவிடத் தொழில் தெரிந்தவர்கள். இருந்தாலும் சொல்கிறேன்: தமிழ்ப் பதிப்புத் துறையில் புழங்கும் மூடநம்பிக்கைகளில் இது முதல் வரிசையில் உட்கார வேண்டியது.

அந்தக் “கடைசி” எப்படி இருக்கும் என்று பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். மறுநாள் காலை பிளேட் போக வேண்டும். இரவு பத்து மணி. ஒருவர் பக்கங்களைப் புரட்டித் தலைப்பையும் எண்ணையும் உரக்கப் படிக்கிறார், இன்னொருவர் அடிக்கிறார். தலைப்பு முடிந்ததும் முற்றுப்புள்ளிச் சாவியை அழுத்திப் பிடித்துக்கொண்டு வரி நிரம்பும்வரை காத்திருக்கிறார். கோலத்துக்குக்கூட இத்தனை புள்ளி வைப்பதில்லை. தமிழில் ‘ர’வுக்கும் ‘ணை’க்கும் அகலத்தில் எவ்வளவு வித்தியாசம்! புள்ளிகளின் எண்ணிக்கையால் எண்களை நேர்க்கோட்டில் நிறுத்தவே முடியாது. அரைப் புள்ளி அளவுக்கு எண் உள்ளே போகும், வெளியே வரும். அதைச் சரிசெய்ய இரண்டு ஸ்பேஸ் சேர்த்து, ஒன்றை அழித்து, நள்ளிரவாகிவிடும். அந்தப் பக்கத்தை அதன்பின் யாரும் மெய்ப்புப் பார்ப்பதில்லை. புத்தகம் முழுக்க மூன்று முறை மெய்ப்புப் பார்த்தவர் அப்போது வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார்.

ஒருமுறை அப்படித் தூங்கியவன் நான். 31 கட்டுரைகள் கொண்ட தொகுப்பு. பொருளடக்கம் அடித்து முடித்த பிறகு ஒன்பதாம் கட்டுரைக்கு ஆசிரியர் ஒரு புகைப்படம் அனுப்பினார். படம் ஏறியது, பக்கம் ஒன்று கூடியது. பத்தாம் கட்டுரையிலிருந்து கடைசிவரை 22 எண்களும் ஒரு பக்கம் பொய் சொல்லத் தொடங்கின. போதாக்குறைக்கு, மூன்றாம் மெய்ப்பில் ஆசிரியர் மாற்றிய ஒரு தலைப்பு உள்ளே புதிதாகவும் பொருளடக்கத்தில் பழையதாகவும் நின்றது. அந்தப் பழைய தலைப்பில் ஒரு கட்டுரையைத் தேடி வாசகர் ஒருவர் ஆசிரியருக்கே தொலைபேசியில் அழைத்தார். அந்த அழைப்புக்குப் பிறகு ஆசிரியர் எனக்கு அழைத்ததைப் பற்றி எழுத வேண்டாம்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? ஒரு காலத்தில் இதுதான் சரியான முறையாக இருந்தது. ஈய எழுத்து நாட்களில் பாரம் பாரமாகத்தான் புத்தகம் உருவாகும். 16 பக்கம் கோத்து, அச்சடித்து, எழுத்துகளைப் பிரித்து மறுபடி கேஸில் போட்டால்தான் அடுத்த பாரத்துக்கு எழுத்து கிடைக்கும். கடைசி இயல் எந்தப் பக்கத்தில் தொடங்கும் என்பது கடைசி பாரம் கோக்கும்வரை யாருக்கும் தெரியாது. ஆகவே முன்பக்கங்களைக் கடைசியில் கோத்தார்கள். அவற்றுக்கு ரோமன் எண்கள் தனியாகப் போனதற்கும் அதுவே காரணம்: பொருளடக்கம் இரண்டு பக்கமானாலும் நான்கு பக்கமானாலும் உள்ளே அச்சாகிவிட்ட எண்கள் அசையாது. நல்ல ஏற்பாடு. அச்சுக்கோப்பாளர் கணினி முன்னால் வந்து உட்கார்ந்தபோது அந்த விதியைக் கூடவே கொண்டுவந்தார். காரணத்தைக் கேஸ்களோடு பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டார்கள்.

கணினியில் பக்கங்கள் பிரித்துப் போடப்படுவதில்லை, எல்லாம் ஒரே நேரத்தில் கண்முன் இருக்கின்றன. எந்தத் தலைப்பு எந்தப் பக்கத்தில் என்பது மென்பொருளுக்குத் தெரியும். நாம்தான் கேட்பதில்லை. 1985இல் ஆல்டஸ் நிறுவனம் வெளியிட்டு, 1994இல் அடோபியின் கைக்குப் போன பேஜ்மேக்கர் மென்பொருளை நம் ஊரில் எத்தனை வருஷம் உழுதோம்! 2001இல் வந்த 7.0தான் அதன் கடைசிப் பெரிய பதிப்பு. அதற்குப் பிறகும் நம் கணினிகளில் அது ஓடியது, சில இடங்களில் இன்னும் ஓடுகிறது. பத்தி அமைப்புப் பெட்டியிலேயே ‘பொருளடக்கத்தில் சேர்’ என்று ஒரு சிறிய கட்டம் அதில் உண்டு. மெனுவில் பொருளடக்கம் உருவாக்கும் கட்டளையும் உண்டு. இருபது வருஷம் பேஜ்மேக்கரில் வேலை பார்த்த ஒருவரிடம் அந்தக் கட்டத்தைக் காட்டினேன். “இது எப்ப வந்துச்சு?” என்று கேட்டார்.

பேஜ்மேக்கரை விட்டு இன்டிசைன் மென்பொருளுக்கு வந்தவர்களிடம் இன்னொரு நம்பிக்கை சேர்ந்துகொண்டது: “ஆட்டோமேட்டிக்கெல்லாம் தமிழுக்கு ஒத்துவராது சார்.” இவர்கள் முயன்று பார்க்காமல் சொல்லவில்லை. ஒரே ஒரு முறை முயன்றிருக்கிறார்கள். லேஅவுட் மெனுவில் பொருளடக்கத்தைத் தேர்ந்தெடுத்து, தலைப்பு ஸ்டைலைச் சேர்த்து, சரி என்று அழுத்தியதும் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்துகள் தாறுமாறாக வந்து விழுந்தன. சிரித்துவிட்டு மூடிவிட்டார்கள்.

விழுந்தது குப்பை இல்லை. பாமினி என்ற பழைய எழுத்துருவில் ‘தமிழ்’ என்று அடித்தால் கோப்பில் சேமிக்கப்படுவது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள்தான். பாமினி எழுத்துரு அவற்றின்மேல் தமிழ் முகமூடி போடுகிறது. பொருளடக்கம் உருவாகும்போது மென்பொருள் தலைப்பின் எழுத்துகளை மட்டும் எடுத்து, அதற்கென்று நாம் சொன்ன ஸ்டைலில் ஊற்றுகிறது. அந்த ஸ்டைலில் பாமினி இல்லையென்றால் முகமூடி கழன்றுவிடும். “நான் தலைப்பின் ஸ்டைலையேதான் கொடுத்தேன், அப்பவும் இப்படித்தான் வந்தது” என்பார்கள். அப்படியென்றால் அந்தத் தலைப்பின் எழுத்துரு ஸ்டைலுக்குள் இல்லை. சுட்டியால் வளைத்துத் தேர்ந்தெடுத்து, கையால் எழுத்துரு மாற்றி, கையால் 24 புள்ளி கொடுத்து, கையால் நடுவில் நிறுத்தியிருக்கிறார்கள். கைவேலை எதுவும் பொருளடக்கத்துக்கு வராது. கோளாறு தமிழில் இல்லை.

ஒருங்குறியில் வேலை செய்பவர்களுக்கு வேறு விதமான பயமுறுத்தல். எழுத்துருவில் தமிழே இல்லையென்றால் இளஞ்சிவப்புக் கட்டங்கள் வரும். எழுத்துரு சரியாக இருந்தும் ‘கொ’வின் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நின்றால் அது பத்திக் கோப்பு முறையின் கோளாறு. 2012இல் வந்த சிஎஸ்6 முதல் இந்திய மொழிகளுக்கான வேர்ல்ட்-ரெடி கம்போசர் இன்டிசைனில் இருக்கிறது. ஆனால் நம் ஊருக்கு வரும் ஆங்கிலப் பதிப்பில் புதிதாக உருவாக்கும் ஸ்டைல் பழைய கம்போசரைத்தான் எடுத்துக்கொள்ளும். உள்பக்க ஸ்டைல்களில் அதை மாற்றியவர் பொருளடக்க ஸ்டைலில் மாற்ற மறந்திருப்பார். ஒரு மெனு, ஒரு தேர்வு, அவ்வளவுதான். ஒருங்குறியையும் டேஸ்16 குறியேற்றத்தையும் ஏற்றுத் தமிழ்நாடு அரசு ஆணையிட்டது 2010இல். அதற்குப் பிறகும் “தமிழுக்கு ஒத்துவராது” என்று சொல்லிக்கொண்டிருப்பது தமிழின்மேல் போடும் வீண்பழி.

என்னைக் கேட்டால் பொருளடக்கம் முதல் நாள் வேலை. கையெழுத்துப் படி கோப்பாக வந்ததும் இயல் தலைப்பு, உட்தலைப்பு, கட்டுரையாளர் பெயர், மேற்கோள் என்று நான்கைந்து ஸ்டைல்களுக்குப் பெயர் வைத்து, அவற்றை ஏற்றி, உடனே ஒரு பொருளடக்கம் எடுத்துப் பார்க்க வேண்டும். அப்போது அது வாசகருக்கானது அல்ல, நமக்கானது. புத்தகத்தின் எலும்புக்கூடு ஒரே பக்கத்தில் நிற்கும். 18 கதை என்று சொன்னார்களே, 17தானே வருகிறது? பன்னிரண்டாவது கதையின் தலைப்பு ஸ்டைல் இல்லாமல் வெறுமனே தடித்த எழுத்தில் கிடக்கும். ‘நினைவுகள்’ என்ற தலைப்பு இரண்டு முறை வருகிறதே? ஆசிரியர் ஒரே கட்டுரையை இரண்டு கோப்புகளாக அனுப்பியிருப்பார். ஒரு தலைப்பு மட்டும் பாதியில் ஒடிந்து இரண்டு வரியாகத் தெரிகிறதா? யாரோ அழகுக்காக ஷிப்டையும் என்டரையும் சேர்த்துத் தட்டியிருக்கிறார்கள். இதையெல்லாம் கண்டுபிடிக்க மூன்றாம் மெய்ப்புவரை காத்திருக்கத் தேவையில்லை. கையால் அடிக்கும் பொருளடக்கத்தில் இவற்றில் ஒன்றுகூடத் தெரியாது. அடிப்பவர் தன்னையறியாமலே எல்லாவற்றையும் திருத்தி அடித்துவிடுவார்.

என் தரப்பிலும் ஓட்டை உண்டு. இன்டிசைனின் பொருளடக்கம் தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. பக்கம் மாறினால் புதுப்பிக்கும் கட்டளையை நாம்தான் கொடுக்க வேண்டும். கொடுத்தால் அந்தப் பக்கத்தில் கையால் செய்த ஒப்பனை முழுவதும் போய்விடும். “பார்த்தீங்களா, இதுக்குத்தான் கையால அடிக்கிறோம்” என்பார்கள். ஒப்பனையையும் ஸ்டைலில் வைத்தால் என்ன போயிற்று? எண்ணுக்குத் தனி எழுத்து ஸ்டைல், தலைப்புக்கும் எண்ணுக்கும் நடுவே வலது ஓர டேப், புள்ளிகளுக்கு டேப் பெட்டியில் லீடர் என்று ஒரே ஒரு புள்ளி. நம் தலைப்புகள் நீளமானவை, இரண்டாம் வரிக்குப் போகும், போகிற போக்கில் எண்ணின்மேல் மோதும். பத்திக்கு வலது உள்தள்ளல் 12 மில்லிமீட்டர் கொடுத்து, கடைசி வரிக்கு மட்டும் அதையே கழித்தல் குறியோடு கொடுத்தால் தலைப்பு உள்ளே அடங்கும், எண் மட்டும் ஓரத்தில் நிற்கும். உள்ளே நீளமாகவும் பொருளடக்கத்தில் சுருக்கமாகவும் தலைப்பு வேண்டும் என்றால் சுருக்கத் தலைப்பைக் கண்ணுக்குத் தெரியாத லேயரில் தனி ஸ்டைலோடு வைத்து, அந்த ஸ்டைலைச் சேர்க்கச் சொல்லலாம். கொஞ்சம் திருட்டு வேலைதான், ஆனால் நடக்கிறது.

“நம்ம வாசகர் யார் சார் பொருளடக்கம் பார்க்கிறாங்க?” என்று கேட்பவர்கள் ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில் ஏதாவது ஒரு அரங்கில் அரை மணி நேரம் நிற்கட்டும். புத்தகத்தை எடுப்பவர் பின்னட்டையைப் பார்ப்பார், அடுத்துப் பொருளடக்கம். முன்னுரையை அங்கே நின்றுகொண்டு படிப்பவரை நான் கண்டதில்லை. பார்க்கப் பழகாத சமூகமும் நாம் அல்ல. மணிமேகலையின் பதிகம் முப்பது காதைகளிலும் வருவதை வரிசையாகச் சொல்லிவிட்டுத்தான் காப்பியத்துக்குள் விடுகிறது. பொருளடக்கத்தைச் செய்யுளிலேயே கட்டி வைத்த மொழி இது. உ.வே.சாமிநாதையர் சங்க நூல்களைப் பதிப்பித்தபோது அரும்பத அகராதிகளைச் சேர்த்தார். வாசகர் தேடுவார் என்று நம்பி, கணினி என்ற சொல்லே இல்லாத நாளில், கைப்படத் தொகுத்தார். நம் மேசையில் இயந்திரம் இருக்கிறது, அந்த நம்பிக்கை இல்லை.

மின்னூல் என்று வந்தால் கையால் அடித்த பொருளடக்கம் செத்த பாம்பு. 2016 டிசம்பரில் கின்டிலில் தமிழ் வந்தது. திரையில் எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கம் என்பதே கரைந்துபோகிறது, அங்கே ‘பக்கம் 143’க்குப் பொருள் கிடையாது. தலைப்பைத் தொட்டால் அந்த இடத்துக்குப் போக வேண்டும். இன்டிசைனிலிருந்து இபப் கோப்பு எடுக்கும்போது அந்த வழிகாட்டி பொருளடக்க ஸ்டைலிலிருந்தே உருவாகும், பிடிஎஃப் கோப்பின் புக்மார்க்குகளும் அப்படித்தான். கையால் அடித்தவர்களின் மின்னூலில் புள்ளிகளும் எண்களும் திரையெங்கும் சிதறிக் கிடக்கின்றன, எதைத் தொட்டாலும் எங்கேயும் போகவில்லை.

ஆபரேட்டர்களைத் திட்டுவதற்காக இதையெல்லாம் எழுதவில்லை. அவர்களுக்குக் கூலி பக்கக் கணக்கில். பொருளடக்கம் இரண்டு பக்கம் என்றால் இரண்டு பக்கக் கூலி, கையால் அடித்தாலும் அதேதான். முதல் நாள் ஸ்டைல் போட உட்காரும் இரண்டு மணி நேரத்துக்கு எந்தப் பக்கமும் கிடையாது, ஆகவே எந்தப் பணமும் கிடையாது. வேலையைச் சரியாகச் செய்கிறவர் அந்த இரண்டு மணி நேரத்தைத் தன் கையிலிருந்து போடுகிறார். பிறகு அவர் ஏன் போட வேண்டும்?

போன வாரம் மறுபதிப்புக்காக ஒரு கோப்பு வந்தது. வயதான வாசகர்களுக்காக எழுத்தை 11 புள்ளியிலிருந்து 12 ஆக்கச் சொல்லியிருந்தார்கள். ஆக்கினேன். 224 பக்கப் புத்தகம் 250ஐத் தாண்டியது. பொருளடக்கம் மட்டும் பழைய எண்களோடு, ஸ்பேஸ் தட்டிய புள்ளிகளோடு, எதுவும் நடக்காததுபோல அமைதியாக இருந்தது. கோப்பைச் செய்த தம்பியை அழைத்தேன். “அதை விடுங்கண்ணே, கடைசியில நானே அடிச்சுக் கொடுத்துடுறேன்” என்றார். ஸ்டைல் போட்டுச் செய்வோம், நானும் கூட உட்காருகிறேன் என்றேன். செய்யலாம், ஆனால் அதைப் பில்லில் என்னவென்று எழுதுவது என்று கேட்டார். நியாயமான கேள்வி. பதிப்பாளரை அழைத்து, அந்த இரண்டு மணி நேரத்தை எட்டுப் பக்கமாகக் கணக்கெழுதச் சொன்னேன். எட்டு அதிகம் என்றார். ஆறில் வந்து நிற்கிறோம்.