இழப்பீடு என்னும் சொல்லுக்கு அஞ்சும் ஜெர்மனி

1904 முதல் 1908 வரை இன்றைய நமீபியாவில் ஹெரேரோ, நாமா மக்களை ஜெர்மானியக் காலனியப் படை கொன்று குவித்தது. தப்பியோர் பாலைவனத்தில் நீரின்றி மாண்டனர். பிடிபட்டோர் வதைமுகாம்களில் மடிந்தனர். அவர்களது நிலமும் கால்நடைகளும் பறிக்கப்பட்டன.

2021 மே மாதம் இதனை 'இன்றைய பார்வையில் இனப்படுகொலை' என ஜெர்மனி ஒப்புக்கொண்டது. வளர்ச்சி நிதியாக 30 ஆண்டுகளில் 110 கோடி யூரோ வழங்க முன்வந்தது. இழப்பீடு என்னும் சொல்லை மட்டும் தவிர்த்தது. 'இன்றைய பார்வையில்' என்னும் அடைமொழியை, சட்டம் பயின்ற நாம் கவனிக்க வேண்டும். 1948-ஆம் ஆண்டின் இனப்படுகொலை உடன்படிக்கை முந்தைய செயல்களுக்குப் பொருந்தாது. ஆகவே சட்டப் பொறுப்பு இல்லை என்பதே அதன் உட்பொருள். அன்றைய பன்னாட்டுச் சட்டத்தை வகுத்தவை காலனிய வல்லரசுகளே. ஆப்பிரிக்காவைப் பங்கிட நெறிகள் வகுத்த 1884–85 பெர்லின் மாநாட்டில் ஓர் ஆப்பிரிக்கப் பிரதிநிதிகூட இல்லை.

இம்முறையும் பேச்சு அரசுகளுக்கிடையே நடந்தது. அதனை ஏற்காத ஹெரேரோ, நாமா மரபுத் தலைமைகள் 2023-இல் நமீபிய உயர் நீதிமன்றத்தை நாடின. தனியுடைமை வேளாண் நிலத்தின் பெரும்பகுதி இன்றும் வெள்ளையரிடமே உள்ளது. பாதிக்கப்பட்டோரை நேரடித் தரப்பாக ஏற்காமலும், நிலத்தைப் பேசாமலும் முடியும் உடன்பாட்டை நீதியென நாம் ஏற்க இயலாது.