தெருவின் வெக்கையை அளந்த பிறகே திட்டம்

சென்னைப் பெருநகரில் 2027 முதல் 2046 வரை எங்கே எவ்வளவு உயரமாக, எவ்வளவு நெருக்கமாகக் கட்டலாம் என்பதை மூன்றாம் முழுமைத் திட்டம் தீர்மானிக்கப்போகிறது. நகரின் வெப்பத்தையும் காற்றோட்டத்தையும் காட்டும் தட்பவெப்ப வரைபடம், நிலப் பயன்பாட்டு வரைபடத்துக்கு இணையான சட்ட வலுவோடு அத்திட்டத்தில் இடம்பெற வேண்டும். அதைப் பின்னிணைப்பாக ஒதுக்கினால், பின்னாளில் இடித்துத் திருத்த முடியாத பிழைகள் கான்கிரீட்டில் எழுந்து நிற்கும்.

சென்னையின் வெப்பநிலை என்று செய்திகளில் பெரும்பாலும் சொல்லப்படுவது நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் நிலையங்களின் அளவுதான். நேரடி வெயில் படாத, காற்று ஊடுருவும் வெண்ணிறப் பெட்டிக்குள் வைத்த வெப்பமானியால் காற்றின் வெப்பத்தை மட்டும் பதிவுசெய்யும் அம்முறை, ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடுவதற்கு இன்றியமையாதது என்றாலும், நடைபாதையில் கடை விரித்திருப்பவரின் உடல் தாங்கும் வெக்கையை அது சொல்வதில்லை. லேண்ட்சாட் போன்ற செயற்கைக்கோள்களோ, முற்பகலில் கடந்து செல்கையில், கூரையும் சாலையும் எவ்வளவு சுட்டிருக்கின்றன என்பதையே அளக்கின்றன. பகலெல்லாம் வாங்கிய வெயிலைச் சுவரும் தளமும் இரவில் மெல்ல வெளிவிடுவதால், சுற்றுப்புறத்தைவிட நகரம் சூடாக இருக்கும் ‘நகர வெப்பத் தீவு’ விளைவு இரவில்தான் மிகுதி. ஒற்றைச் சன்னல் அறையில் உறக்கமின்றிப் புரள்பவரின் துன்பம் முற்பகல் படத்தில் பதிவாகாது.

இக்குறையை நீக்கும் வழிகள் இன்று கைவசம் உள்ளன. கறுப்புச் சாயம் பூசிய 15 சென்டிமீட்டர் செப்பு உருண்டைக்குள் வெப்பமானியைச் செருகினால், வெயிலும் சுவர்களும் உடல்மீது வீசும் அனலும் கணக்கில் சேரும். ஈரத்துணி சுற்றிய வெப்பமானியின் அளவுக்கு 70 விழுக்காடும், உருண்டையின் அளவுக்கு 20 விழுக்காடும், காற்றின் வெப்பத்துக்கு 10 விழுக்காடும் இடம் தந்து பெறப்படும் குறியீடு, புழுக்கம் மிகுந்த கடலோர நகருக்கு மிகவும் பொருத்தமானது. கருவி பழையதே, சிறிய, மலிவான உணரிகளை விளக்குக் கம்பங்கள்தோறும் பொருத்த முடிவதே புதிது. இயன் ஸ்டூவர்ட்டும் டிம் ஓக்கும் 2012-இல் வகுத்த முறையோ, கட்டட உயரம், நெருக்கம், பசுமை ஆகியவற்றைக் கொண்டு நிலப்பரப்பை 17 வகைகளாகப் பிரித்து, எந்த வகைப் பகுதியில் உணரி தேவை என்பதைத் தெளிவாக்குகிறது.

அளந்ததைச் சட்டத்தோடு இணைத்த நகரங்களும் உண்டு. மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் காற்று தேங்கும் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரம், 1938-லேயே வானிலை அறிஞரை நகர நிர்வாகத்தில் அமர்த்தியது. இரவில் சரிவுகளிலிருந்து குளிர்காற்று இறங்கும் வழிகளைத் தட்பவெப்ப வரைபடத்தில் குறித்து, அவ்வழிகளில் கட்டுமானத்தைக் கட்டுப்படுத்தியது. 2003-இல் சார்ஸ் நோய் தாக்கியபின் ஹாங்காங், பெரிய அரசுத் திட்டங்களுக்குக் காற்றோட்ட மதிப்பீட்டை 2006-இல் கொண்டுவந்தது. சென்னைக்கு அத்தகைய வழி கடற்காற்றே. அது தாமதமாக வரும் நாள்களில் வெயில் எப்படிக் கொளுத்தும் என்பதை நகரவாசிகள் நன்கறிவார்கள். அக்காற்று உள்நகருக்குப் புகும் தெருக்களும் ஆற்றோரங்களும் பள்ளிக்கரணை போன்ற ஈரநிலங்களும் எவை, அவை எவ்வளவு குளிர்ச்சி தருகின்றன என்பதை அளக்காமல் அவற்றின் ஓரங்களில் தளப்பரப்புக் குறியீட்டை, அதாவது மனையின் பரப்புக்கு எத்தனை மடங்கு கட்டலாம் என்னும் வரம்பை, உயர்த்துவது பொறுப்பற்ற செயல்.

வெப்ப அலையை மாநிலப் பேரிடராக 2024-இல் அறிவித்து, உயிரிழந்தோர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் வழங்க முன்வந்த தமிழ்நாடு அரசின் முடிவு வரவேற்கத்தக்கது. ஆயினும் கடலோர நிலையங்களில் வெப்பம் 37 டிகிரி செல்சியஸைத் தொட்டு, இயல்பைவிட 4.5 டிகிரி கூடினாலே வெப்ப அலை என்னும் வழக்கமான வரையறையில் ஈரப்பதத்துக்கு இடமில்லை. உணரிகளின் செலவு, ஒரு மேம்பாலத்தின் செலவோடு ஒப்பிடத் தக்கதே அல்ல. எனவே பெருநகர வளர்ச்சிக் குழுமம், நெருக்கமான குடியிருப்புகளில் தொடங்கி ஒரு கோடைக்காலமேனும் இரவு பகலாக அளந்து, முடிவுகளைத் தமிழில் பொதுமக்கள் முன் வைத்து, அதன் பிறகே திட்டத்துக்கு இறுதி வடிவம் தர வேண்டும்.